ஆடையற்ற கடற்கரைகள்: தீவுக்குப் புறப்படுமுன் அறிய வேண்டியவை

பாடசாலைகளின் கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. முன்பெல்லாம் எம்மவருக்கு விடுமுறை என்பது உறவினர் வீடுகளுக்கான பயணமாகவே இருந்தது. பாரிஸில் இருப்பவர் லண்டனுக்கும், லண்டனில் இருப்பவர் ஜேர்மனிக்கும், ஜேர்மனியில் இருப்பவர் சுவிஸுக்கும் சென்று, ஒரு சாமத்தியச் சடங்கையோ கோயில் தேரையோ பார்த்துவிட்டுத் திரும்புவதுடன் அது முடிந்துவிடும். இன்று பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தம்முடன் படிப்பவர்கள் மயோர்க்காவுக்கும் கிறீட்டுக்கும் குறோஷியத் தீவுகளுக்கும் சென்றுவந்த கதைகளைக் கேட்டு, "நாங்களும் கடலுக்குப் போகவேணும்" என்கிறார்கள். உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் ஆண்டுக்கணக்காக முதுகு முறிய உழைத்த பெற்றோருக்கும் ஒரு வாரம் கடற்காற்று வாங்கும் உரிமை உண்டு.

ஆனால் மத்தியதரைக் கடலின் தீவுகளுக்குச் செல்லும் எமது குடும்பங்கள் முன்கூட்டிக் கேட்டறியாத விடயம் ஒன்று இருக்கின்றது. சோற்றுப் பொதியும் பாயும் குடையுமாக ஒரு அழகிய குடாவை வந்தடைந்த பின்னர்தான், அங்கே இருப்பவர்களின் உடலில் ஒரு நூல்கூட இல்லை என்பது கண்ணிற்படும். தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தகப்பன் பிள்ளைகளை அதட்டுவார். பதினைந்து வயது மகளோ, அங்கே படுத்திருப்பவர்களைக் கண்டு அல்ல, தன் பெற்றோர் போடும் சத்தத்தைக் கண்டே நாணுவாள். அன்றைய நாள் பாழாகிவிடும்.

இது மறைத்துப் பேச வேண்டிய விடயமன்று. கேலி பேசி ஒதுக்கிவிட வேண்டியதுமன்று. இக்கடற்கரைகள் யாவை, எங்கெங்கு உள்ளன, அவற்றின் ஒழுங்கு என்ன என்பதைத் தெரிந்துகொண்டால், விரும்புகிறவர் தெரிந்து போகலாம். விரும்பாதவர் தெரிந்து விலகலாம். தெரியாமற் போய் நிற்பதுதான் இரு பகுதியினருக்கும் சங்கடம்.

எங்கிருந்து வந்த வழக்கம்?

ஆடையின்றி வெயிலிலும் காற்றிலும் இருப்பது உடலுக்கும் மனத்துக்கும் நலம் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் வேரூன்றியது. ஆலைப் புகையும் இருண்ட குடியிருப்புகளும் நிறைந்த நகரங்களில் வாழ்ந்த மக்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைகளை நாடிச் சென்ற காலம் அது. "சுதந்திர உடற் கலாசாரம்" என்று பொருள்படும் ஜேர்மன் சொல்லின் சுருக்கமே எவ்.கே.கே. என்னும் மூன்றெழுத்து. இந்த மூன்றெழுத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நன்று. குறோஷியாவின் தீவுகளிலும் கூடாரத் தலங்களிலும் இன்றும் இந்த எழுத்துகளே அறிவிப்புப் பலகைகளில் காணப்படுகின்றன.

பிரான்ஸில் இதனைப் பரப்பியவர்களுள் மருத்துவர்களும் இருந்தனர். கஸ்தோன் துர்வில், அந்திரே துர்வில் என்னும் சகோதரர்களான இரு வைத்தியர்கள் 1931 ஆம் ஆண்டில் இயேர் நகருக்கு எதிரேயுள்ள லெவாந் தீவில் எலியோபொலிஸ் என்ற கிராமத்தை நிறுவினார்கள். அப்பெயருக்குச் சூரிய நகரம் என்பது பொருள். அத்தீவின் பத்தில் ஒன்பது பங்கு இராணுவத்தின் வசம் இருக்கின்றது. எஞ்சிய ஒரு பங்கில் ஆடையற்றோரின் கிராமம் இருக்கின்றது. ஒரு வேலிக்கு அப்பால் ஏவுகணைப் பரிசோதனை, இப்பால் கோவணமும் இல்லாத மனிதர்கள். இரண்டும் பல பத்தாண்டுகளாக ஒன்றையொன்று சகித்துக்கொண்டு வாழ்கின்றன.

1953 இல் பிரான்ஸின் மேற்குக் கரையிலுள்ள மொந்தலிவேயில் இவ்வியக்கத்தின் சர்வதேசச் சம்மேளனம் உருவாயிற்று. தன்னை மதித்தல், பிறரை மதித்தல், இயற்கையை மதித்தல் ஆகிய மூன்றையுமே அது தன் நோக்கமாகக் கூறுகின்றது. காமக் களியாட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை இவ்வியக்கத்தவர் மிகக் கண்டிப்பாகச் சொல்வர். எம்மவர் பலர் இதனைத் தவறாக விளங்கிக்கொள்வது இவ்விடத்திலேயே.

நால்வகை இடங்கள்

ஒரு தீவைத் தெரிவு செய்யுமுன் அங்கே எவ்வகை இடம் இருக்கிறது என்று அறிதல் வேண்டும். இவற்றை நான்காகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது, வேலியிடப்பட்ட விடுமுறைக் கிராமங்கள். வாசலில் பெயரும் அடையாளப் பத்திரமும் பதியப்படும். உள்ளே கடற்கரையிலும் நீச்சல் தடாகத்திலும் ஆடையின்றி இருப்பதுதான் விதி. "அம்மணமான ஊரில் கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன்" என்று எமது முதியோர் சொன்னது அங்கே ஏறக்குறையச் சட்டமாகவே இருக்கின்றது. இவை பெரும்பாலும் குடும்பங்களுக்கானவை. தனியாக வரும் ஆண்களை அனுமதிக்கத் தயங்கும் இடங்களும் உண்டு.

இரண்டாவது, உள்ளூராட்சியால் ஒதுக்கப்பட்டுப் பெயர்ப்பலகை நடப்பட்ட கடற்கரைகள். பலகைக்கு அப்பால் ஆடையற்றோர், இப்பால் ஆடையணிந்தோர். பலகையைப் பார்த்து நடந்தால் குழப்பமில்லை.

மூன்றாவது, சட்டத்தில் இல்லாமல் வழக்கத்தில் மட்டும் இருப்பவை. பலகை இராது. ஊரவர்களுக்குத் தெரியும், வெளியார்க்குத் தெரியாது. எம்மவர் அறியாமற் போய் அகப்படுவது பெரும்பாலும் இவ்விடங்களிலேதான். பொதுவாகப் பெரிய கடற்கரை ஒன்றின் தொலைதூர முனையிலோ, குன்றேறி இறங்கி அடையும் சிறு குடாவிலோ இவை அமைந்திருக்கும்.

நான்காவது, இவ்வழக்கம் அறவே அனுமதிக்கப்படாத இடங்கள். மால்டா இதற்கு உதாரணம். அங்கே ஆடையின்றிக் கடற்கரையில் இருப்பது சட்டப்படி குற்றம். பெண்கள் மார்பை மூடாதிருப்பதும் அவ்வாறே கருதப்படும். இவற்றைக் காண விரும்பாத குடும்பங்களுக்கு மால்டா பொருத்தமான தீவு.

ஆடையணிந்தோரை இவ்வியக்கத்தவர் "ரெக்ஸ்ரைல்" என்று குறிப்பிடுவர். துணிக்காரர் என்பது அதன் பொருள். தங்குமிடம் பற்றிய விபரங்களில் இச்சொல்லைக் கண்டால், ஆடையணிந்தவர்களுக்கும் அங்கே இடமுண்டு என்று அறியலாம்.

தீவுக்குத் தீவு வேறு

ஸ்பெயினில் 1988 இல் தண்டனைச் சட்டத்திலிருந்து "பொது அவதூறு" என்ற பழைய குற்றம் நீக்கப்பட்டது. அன்று முதல் ஆடையின்றி இருப்பது மட்டும் குற்றமாகாது. எனினும் நகரசபைகள் தமக்கென விதிகளை இயற்றலாம். பார்சலோனா 2011 இல் தன் தெருக்களில் அதைத் தடைசெய்தது. இபிசாத் தீவில் உப்பளங்களுக்கு அருகேயுள்ள எஸ் கவாயெத் நெடுங்காலமாகப் புகழ்பெற்ற ஆடையற்ற கடற்கரை. மயோர்க்காவில் எஸ் திரெங்க் என்னும் நீண்ட வெண்மணற் கரையின் சில பகுதிகள் அவ்வாறானவை. போர்மென்தேராவில் இல்லெத்தெஸ், மிக்யோர்ன் முதலிய கரைகளில் ஆடையணிந்தோரும் அணியாதோரும் பக்கத்துப் பக்கத்தில் துவாய் விரித்திருப்பர். எவரும் எவரையும் பொருட்படுத்துவதில்லை. இக்கலப்பைக் காண விரும்பாதவர்கள் போர்மென்தேராவைத் தவிர்த்து, மயோர்க்காவின் நகர்ப்புறக் கடற்கரைகளைத் தெரிவு செய்வது நல்லது.

கிறீஸில் 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி, இதற்கென அனுமதி பெற்ற இடங்களில் மட்டுமே ஆடையின்றி இருக்கலாம். நடைமுறையோ வேறு. கிறீட்டில் மாதலா கிராமத்திலிருந்து குன்று கடந்து அடையும் சிவப்பு மணற் கடற்கரை, மிக்கோனோஸின் எலியா, நக்சோஸின் பிளாக்கா போன்றவற்றில் இது நெடுநாளைய வழக்கம். வழக்கம் என்பது அனுமதி அன்று. ஊரவர் ஒருவர் முறைப்பாடு செய்தால் பொலிஸார் வரலாம். கோயிலும் உணவகங்களும் உள்ள கடற்கரையில் அதைச் செய்வது கிராமத்தவர்களைப் புண்படுத்தும்.

கிறீட்டுக்குத் தெற்கே, ஐரோப்பாவின் தென்கோடியில் காவ்டோஸ் என்றொரு சின்னஞ்சிறு தீவு உண்டு. ஆடையற்ற விடுமுறையாளர் கூடாரமடித்து மாதக்கணக்கில் தங்கும் இடமாக அது பெயர்பெற்றது. 2024 இல் லிபியாவின் கரையிலிருந்து புறப்பட்ட அகதிப் படகுகள் பெருந்தொகையாக அங்கேயும் கரை சேர்ந்தன. எல்லாவற்றையும் துறந்து இருக்க விரும்பி வந்தவர்களும், எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களும் ஒரே மணலில் கால் வைத்தார்கள்.

குறோஷியாவே இவ்வழக்கத்தை அரச ஆதரவுடன் தொழிலாக வளர்த்த நாடு. 1936 ஆம் ஆண்டின் கோடையில் பிரித்தானிய மன்னர் எட்டாவது எட்வேர்ட், சிம்சன் அம்மையாருடன் அட்றியாற்றிக் கடலில் உல்லாசப் படகில் வந்தபோது, ராப் தீவின் கண்டரோலாக் குடாவில் அதிகாரிகளின் அனுமதியுடன் ஆடையின்றி நீராடினார் என்று தீவு மக்கள் இன்றும் பெருமையுடன் கூறுவர். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் முடியையே துறந்தார். 1961 இல் இஸ்திரியாவின் விர்சார் அருகே கோவெர்சாடா என்னும் சிறு தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் யூகோஸ்லாவியாவின் முதலாவது பெரிய ஆடையற்ற முகாம் திறக்கப்பட்டது. கிர்க் தீவின் பாஷ்காவிலும், ஹ்வார் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள ஜெரோலிம் தீவிலும் இவ்வழக்கம் உண்டு.

ஆனால் ராப் தீவுக்கு வேறொரு கதையும் இருக்கின்றது. மன்னர் நீராடி ஆறே ஆண்டுகளில், 1942 இல், இத்தாலியப் பாசிச இராணுவம் அதே தீவின் காம்போர் என்ற இடத்தில் வதைமுகாம் ஒன்றை அமைத்தது. ஸ்லோவேனியரும் குறோஷியரும் யூதர்களும் குடும்பம் குடும்பமாக அங்கே அடைக்கப்பட்டனர். பசியாலும் குளிராலும் நோயாலும் பெருந்தொகையானோர் மாண்டனர். அவர்களுக்கான நினைவு மயானம் இன்றும் அங்கே உண்டு. 1991 இல் போர் மூண்டபோது, குறோஷியக் கரையோரத்தின் உல்லாச விடுதிகள் பல, வீடிழந்து ஓடிவந்த மக்களின் இருப்பிடங்களாயின. விடுமுறைக்காகக் கட்டப்பட்ட அறைகளில் அகதிக் குழந்தைகள் வளர்ந்தன. எமக்கு இது புரியாத கதையன்று. ராப் தீவுக்குச் செல்பவர்கள் பிள்ளைகளைக் காம்போருக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

பிரான்ஸின் கோர்சிகாவில் கிழக்குக் கரையிலுள்ள லின்குசெத்தாப் பகுதி இத்தகைய விடுமுறைக் கிராமங்களுக்குப் பெயர்போனது. இவற்றுட் சில, ஆண்டின் சில மாதங்களை ஆடையணிந்தோருக்கு ஒதுக்குவதும், உரிமை கைமாறும்போது வழக்கத்தையே மாற்றிவிடுவதும் உண்டு. ஆகவே சென்ற ஆண்டு சென்றவர் சொன்னதை நம்பாமல், பணம் கட்டுமுன் அவ்வாண்டின் ஒழுங்கைக் கேட்டறிய வேண்டும்.

இத்தாலியின் சிசிலித் தீவைப் பற்றிப் பேசும்போது மட்டும் எம்மவரின் குரல் தாழ்ந்துவிடும். அதன் தென்கிழக்குக் கரையில் வெந்திக்காரி என்னும் இயற்கைக் காப்பகம் உண்டு. அங்குள்ள மரியனெல்லி என்னும் தனித்த கடற்கரையில் ஆடையின்றிக் குளிப்போரைக் காணலாம். அதே கரையில் இன்னும் தெற்கே போனால் வருவது போர்த்தோபாலோ. 1996 டிசெம்பர் 25 ஆம் நாள் இரவு, அவ்வூருக்கும் மால்டாவுக்கும் இடையிலான கடலில், கப்பலிலிருந்து சிறு படகொன்றுக்கு மாற்றப்பட்ட அகதிகளில் ஏறத்தாழ 283 பேர் மூழ்கி மாண்டனர். இந்தியர், பாக்கிஸ்தானியர், இலங்கைத் தமிழர் ஆகியோர் அவர்கள். அப்படியொன்று நடக்கவேயில்லை என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லப்பட்டது. மீனவரின் வலையில் அகப்பட்ட ஓர் ஈழத்து இளைஞனின் அடையாள அட்டையின் வழியாகவே உண்மை வெளிவந்தது. 2001 இல் கடலடியில் அந்தப் படகு கண்டுபிடிக்கப்பட்டது. அக்கரையில் குளிக்க வேண்டாம் என்று சொல்லவரவில்லை. குளிக்கப் போகுமுன் ஒரு நிமிடம் நின்று, கடலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அங்குள்ள ஒழுங்கு

ஆடையில்லாத இடத்தில் ஒழுங்கும் இராது என்று எண்ணுவது தவறு. உண்மையில் ஏனைய கடற்கரைகளைவிட அங்கே விதிகள் அதிகம். எங்கே அமர்ந்தாலும் தன் துவாயை விரித்தே அமர வேண்டும். இது சுகாதார விதி. கதிரையானாலும் வாங்கானாலும் விலக்கில்லை. படம் பிடித்தல் பெருங்குற்றமாகக் கருதப்படும். கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தாலே நாலுபேர் திரும்பிப் பார்ப்பர். உற்றுப் பார்த்தல் அநாகரிகம். பிறரின் உடலைப் பற்றிப் பேசுதல், சிரித்தல், அழையாமல் அருகே சென்று அமர்தல் ஆகியன விரும்பப்படுவதில்லை. ஆடை முழுவதையும் அணிந்துகொண்டு, வேடிக்கை பார்ப்பதற்கென்றே கூட்டமாக நடந்து போவதுதான் எல்லாவற்றிலும் அவமரியாதையான செயல். "சும்மா பாத்திட்டு வருவம்" என்று இளைஞர்கள் புறப்படும் பழக்கத்தைப் பெற்றோர் கண்டிக்க வேண்டும்.

எமது ஊரிலும் உடலைப் பற்றி எழுதப்படாத ஒழுங்குகள் இருந்தன. பெண்கள் குறுக்குக்கட்டுடன் கிணற்றடியில் நின்று குளிப்பார்கள். அவ்வழியே வரும் ஆண்மகன் தலையைக் குனிந்துகொண்டு போவான். கீரிமலையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உண்டு. துணியின் அளவு இடத்துக்கு இடம் மாறுகின்றது. பாராதிருக்கும் பண்பு மட்டும் இரண்டு இடங்களிலும் ஒன்றாகவே இருக்கின்றது. வெளித்தோற்றத்தில் எதிரெதிரானவை போலத் தெரியும் இவ்விரு வழக்கங்களும் சந்திக்கும் இடம் அதுதான்.

களைவதும் களையப்படுவதும்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. ஐரோப்பியர் ஒருவருக்கு ஆடையைக் களைவது விடுதலையாகத் தோன்றலாம். எமது வாசகர்களுள் பலருக்கு அது வேறொன்றின் நினைவு. சோதனைச் சாவடியிலும் தடுப்பு முகாமிலும் ஆயுதம் தாங்கியவனின் கட்டளைக்கு அடிபணிந்து ஆடை களைந்து நின்றவர்கள் எம்மிடையே வாழ்கிறார்கள். புகலிடம் தேடி வந்த வழியில், எல்லைக் காவலர் முன்னும் சிறையறையிலும் அவ்வாறு நின்றவர்களும் இருக்கிறார்கள். பலர் அதைத் தம் துணைக்கும் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கோ தெரியவே தெரியாது.

ஆகையால் ஒரு தகப்பன் ஆடையற்ற கடற்கரையைக் கண்டதும் நிலைகுலைந்து திரும்பி நடந்தால், அதை வெறும் பட்டிக்காட்டுத்தனம் என்று பிள்ளைகள் சிரிக்கலாகாது. கடற்கரைக்குப் போனாலும் நீண்ட கைச்சட்டையைக் கழற்றாத மாமாவிடம் "ஏன்" என்று விடாப்பிடியாகக் கேட்கலாகாது. அச்சட்டைக்குள்ளே தழும்புகள் இருக்கலாம். அதேபோல, இங்கே பிறந்து வளர்ந்து, பாடசாலை நீச்சல் தடாகத்தின் உடை மாற்றும் அறைகளில் வெட்கமின்றிப் பழகிய பிள்ளை, உடலைப் பற்றித் தாய்தகப்பன் போல உணரவில்லையென்றால், அதை ஒழுக்கக்கேடு என்று பெற்றோர் முடிவு கட்டவும் கூடாது. ஒருவருக்கு அது ஒரு கட்டளையின் நினைவு. மற்றவருக்கு அது ஒரு வெயில் நாள். இரண்டும் உண்மை.

இங்கே முக்கியமானது ஆடை இருக்கிறதா இல்லையா என்பதன்று, யார் முடிவு செய்தார்கள் என்பதே. இதற்குப் பிரான்ஸே ஒரு பாடத்தைத் தந்தது. 2016 ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்கரை நகரங்கள் பலவற்றின் நகரபிதாக்கள், உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடையான புர்க்கினியைத் தடைசெய்தார்கள். நீஸ் நகரக் கடற்கரையில் பொலிஸார் சூழ்ந்து நிற்க, ஒரு பெண் தன் மேற்சட்டையைக் கழற்றும் படத்தை உலகமே பார்த்தது. ஓகஸ்ட் 26 ஆம் நாள், நாட்டின் அதியுயர் நிர்வாக நீதிமன்றம், வில்நெவ்-லூபே நகரின் தடையை இடைநிறுத்தியது. தடை அடிப்படைச் சுதந்திரங்களுக்கு விரோதமானது என்றது. ஆனால் கோர்சிகாவின் சிஸ்கோ கிராமத்தில், கடற்கரையில் நடந்த ஒரு கைகலப்பை அடுத்துப் பிறப்பிக்கப்பட்ட தடையைப் பஸ்தியா நிர்வாக நீதிமன்றம் செப்ரெம்பரில் ஏற்றுக்கொண்டது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பஸ்தியா நகருக்கு வடக்கே சிஸ்கோ, தெற்கே லின்குசெத்தா. ஒரே தீவு, ஒரே கரை, ஒரே கடல். ஓரிடத்தில் துணியே இல்லாமல் இருக்கலாம்; மற்றோரிடத்தில் துணி கூடிவிட்டது என்று ஒரு பெண் விரட்டப்படலாம். இதில் யார் பக்கம் நிற்பது என்று எம்மவர் குழம்ப வேண்டியதில்லை. கழற்று என்று கட்டளையிடும் அதிகாரத்தையும், மூடு என்று கட்டளையிடும் அதிகாரத்தையும் நாம் இரண்டு நாடுகளில் கண்டவர்கள்.

புறப்படுமுன்

இனி, நடைமுறை விடயங்கள். தீவைத் தெரிவு செய்யும்போது குடும்பம் முழுவதும் ஒன்றாக அமர்ந்து பேசுங்கள். ஆடையற்ற கடற்கரை அருகில் இருந்தால் யாருக்கு என்ன சம்மதம் என்பதை வீட்டு மேசையில் தீர்த்துக்கொள்ள வேண்டும். மணலில் நின்று தீர்க்க முற்பட்டால் சண்டையே மிஞ்சும். ஒருவர் விரும்பவில்லையென்றால் அதுவே போதிய காரணம். பதின்ம வயதுப் பிள்ளைகளை எந்த வகையிலும் வற்புறுத்தலாகாது. குடும்பங்களுக்கான நல்ல விடுமுறைக் கிராமங்கள் பல, அவ்வயதினர் தம் விருப்பப்படி நீச்சலுடையில் இருக்க இடம் கொடுக்கின்றன. சிறு குழந்தைகள் எந்தக் கடற்கரையிலும் பெற்றோரின் கண்பார்வையை விட்டு அகலக்கூடாது. அவர்களது கடற்கரைப் படங்களைப் பொதுவில் பகிரவும் வேண்டாம். வளர்ந்த மகனோ மகளோ நண்பர்களுடன் அத்தகைய தீவொன்றுக்குப் போவதாகச் சொன்னால், எங்கே தங்குகிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள் என்று கேளுங்கள். பொய் சொல்லிப் போகும் பிள்ளையைவிட உண்மை சொல்லிப் போகும் பிள்ளைக்கு ஆபத்து குறைவு.

மலிவான கூடாரத் தலத்தைக் கண்டு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். விபரத்தில் எவ்.கே.கே. என்றோ, "நத்யுரிஸ்ட்" என்றோ, "நுடிஸ்தா" என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். மொழி விளங்காவிட்டால் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

தனித்த குடாக்களில் பெரும்பாலும் உயிர்காப்பாளர் இல்லை, நிழல் இல்லை, குடிநீர் இல்லை. எமது பெற்றோரில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. அலை பெரிதாக இருக்கும் நாளில் முழங்காலளவு நீருக்கு மேல் போகாதீர்கள். கறுத்த தோலையும் வெயில் சுடும். ஒருநாளும் வெயில் காணாத இடங்களை இன்னும் விரைவாகச் சுடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் அவசர அழைப்பு இலக்கம் 112.

பத்திரங்களைப் பற்றி விசேடமாகச் சொல்ல வேண்டும். உடையில்லாத இடத்தில் பையும் இல்லை. 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தின் கீழ் வழங்கப்பட்ட அகதிப் பயணப் பத்திரத்தையும் வதிவிட அட்டையையும் துவாயின் கீழ் வைத்துவிட்டுக் கடலில் இறங்குவது அறிவீனம். அயலவர் தன் கடவுச்சீட்டைத் தொலைத்தால் அவரது தூதரகம் உதவும். எமக்கு எந்தத் தூதரகம்? மூலப் பத்திரங்களைத் தங்குமிடத்தின் காப்புப் பெட்டியில் வைத்துவிட்டு, பிரதியை மட்டும் கொண்டு செல்லுங்கள். ஷெங்கன் நாடொன்றின் வதிவிட அட்டையும் பயணப் பத்திரமும் உள்ளவர்கள் ஸ்பெயின், கிறீஸ், இத்தாலி, பிரான்ஸ், மால்டாத் தீவுகளுக்கு விசா இன்றிச் செல்லலாம். 2023 ஜனவரி முதலாம் நாளிலிருந்து குறோஷியாவும் அவற்றுடன் சேர்ந்துவிட்டது; நாணயமும் யூரோவாகிவிட்டது. பிரித்தானியாவிலிருந்து புறப்படுவோர் முன்கூட்டியே தூதரகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். புகலிட விண்ணப்பத்துக்கு இன்னமும் முடிவு கிடைக்காதவர்கள் நாட்டைவிட்டு வெளியேறினால் வழக்கே பாதிக்கப்படலாம்; சட்டத்தரணியைக் கேளாமல் எங்கும் போகாதீர்கள்.

கடைசியாக எமது தாய்மாருக்கு ஒரு சொல். இந்நாடுகளுக்கு வந்து முப்பது ஆண்டுகளாகியும் கடலில் ஒரு தடவையேனும் முழுக நனையாத பெண்கள் எம்மிடையே எத்தனையோ பேர். பிள்ளைகளின் உடுப்பையும் சோற்றுப் பொதியையும் காவல் காத்துக்கொண்டு மணலில் அமர்ந்திருப்பதே அவர்களின் விடுமுறை. காரணம், நீச்சலுடை அணிய வெட்கம். யாராவது பார்ப்பார்கள், யாராவது ஊரில் சொல்வார்கள் என்ற அச்சம். ஆடையில்லாமல் குளிக்கும்படி உங்களை எவரும் கேட்கவில்லை. சுடிதாருடன் இறங்குங்கள், நீண்ட காற்சட்டையுடன் இறங்குங்கள், எது உங்களுக்கு மனநிறைவோ அதனுடன் இறங்குங்கள். உடுப்புக்குக் காவலாக, இந்தமுறை தகப்பன்மார் கரையில் இருக்கட்டும்.